கணிப்பொறிக்குள் ஒரு காவலாளி



மும்பையில் குடியேறி வாழும் நம்மவர்க்கு வாட்ச்மேன் என்பவர் யார் என்று விளக்க வேண்டியதில்லை. செம்பூரிலாயினும் மாட்டுங்காவிலாயினும், எந்த ஹவுசிங் சொசைட்டிக் கட்டடத்தை எடுத்துக் கொண்டாலும், வாயிலருகே ஒரு சிறு அறை இருக்கும்; அதில் ஒரு காவலாளி இருப்பார்; அவர் கையெட்டும் தூரத்தில் ஓர் இன்டர்காம் இருக்கும். மேல் தொட்டி நிரம்பினால் மோட்டாரை நிறுத்துபவர் அவர். லிஃப்ட் நடுவில் நின்றால் முதலில் அறிபவரும் அவரே. ஆயினும் மூன்றாம் மாடியில் ஒரு வீட்டுக் குளியலறையில் குழாய் ஒழுகுவது அவருக்குத் தெரியாது. அவ்வீட்டார் இன்டர்காமை எடுத்துச் சொன்னால்தான் தெரியும். அதுபோலவே, குழாய் வேலைக்காகப் பதினொரு மணிக்குத் தண்ணீர் நிற்கப் போகிறது, பிடித்து வைத்துக் கொள்ளுங்கள் என்று அவர் முன்கூட்டிச் சொல்லாவிடில், வீட்டார் சோப்பு நுரையோடு நிற்க நேரும். காவலாளி அறிந்தது ஒன்று, குடித்தனக்காரர் அறிந்தது வேறொன்று. இரண்டும் சேர்ந்தால்தான் கட்டடம் ஒழுங்காக நடக்கும்.

பெரிய கணிப்பொறிகளுக்குள்ளும் இதே ஏற்பாடு உண்டு. அங்கே காவலாளிக்கு சர்வீஸ் பிராசஸர் என்று பெயர். குடித்தனங்களுக்கு டொமைன் என்று பெயர். இருவருக்கும் இடையே பெட்டிக்குள்ளேயே ஓடும் இன்டர்காமைப் பற்றியே இன்று நாம் பேச எண்ணியிருக்கிறோம்.

பொறியியல் வல்லுநர் தமக்குள் பேசிக்கொள்ள வேண்டிய விஷயமல்லவா இது, தாராவியில் தோல் பட்டறை வைத்திருப்பவருக்கு இதில் என்ன என்று நேயர்கள் கேட்கலாம். ஊருக்குப் பணம் அனுப்ப அஞ்சலகத்தில் மணியார்டர் படிவம் எழுதிக் காத்திருந்த தலைமுறை நம்மிடையே இன்றும் இருக்கிறது. 2016-இல் யூ.பி.ஐ. முறை வந்தபின், அதே பணம் தாராவியிலிருந்து திருநெல்வேலிக்குக் கண்ணிமைக்கும் நேரத்தில் போய்ச் சேருகிறது. அப்படிப் போகும் ஒவ்வொரு ரூபாயும், குளிரூட்டப்பட்ட பூட்டிய கூடங்களில் இரவும் பகலும் விழித்திருக்கும் சர்வர்கள் பலவற்றின் வழியே செல்கிறது. நவி மும்பையில் ஐரோலியிலும் மஹாபேயிலும் அத்தகைய கூடங்கள் எழுந்திருக்கின்றன. செம்பூரில் ஹார்பர் லைன் ரயில் ஏறி, வாஷியில் இறங்கி வண்டி மாறி, இரவு ஷிப்டுக்குப் போகும் இளைஞர்களில் நம் பிள்ளைகளும் உண்டு. அவர்கள் காவல் காப்பது எதை என்பதைப் பெற்றோர் ஓரளவேனும் அறிந்திருப்பது நன்று.

முற்காலத்தில் இத்தகைய உள்வழி தேவைப்படவில்லை. கொலாபாவிலுள்ள டாட்டா ஆதார ஆராய்ச்சி நிலையத்தில், சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் தலைமையில் ஒரு குழுவினர் இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டிய கணிப்பொறி 1960-இல் முழு அளவில் இயங்கத் தொடங்கியது. 1962-இல் நேரு அதற்கு டிஃப்ராக் என்று பெயரிட்டார். சுமார் 2,700 வெற்றிடக் குழாய்களும் 12,500 மின்தடைகளும் கொண்ட பொறி அது. இயந்திரம் ஒன்று, அதன் முன் மேசையில் அமர்ந்து விளக்குகளைப் பார்த்திருக்கும் மனிதரும் உடனிருந்தார். அது நின்றுவிட்டால், நின்றதை அறியக் கண்ணும் கையும் உள்ள ஒருவர் பக்கத்திலேயே இருந்தார். காவலாளியும் குடித்தனக்காரரும் ஒரே அறையில் இருந்த காலம் எனலாம்.

1994-இல் தேசியப் பங்குச் சந்தை மும்பையில் வியாபாரத்தைத் தொடங்கியபோது நிலைமை மாறிவிட்டது. தரகர்கள் ஊர்தோறும் இருந்தனர்; துணைக்கோள் வழியாக அவர்களுடைய ஆணைகள் வந்தன. மையத்தில் ஸ்ட்ராட்டஸ் என்னும் வகையைச் சேர்ந்த, பழுதைத் தாங்கும் கணிப்பொறி அமர்த்தப்பட்டது. அவ்வகைப் பொறியில் முக்கிய உறுப்புகள் எல்லாம் இரட்டை இரட்டையாக இருக்கும். ஒன்று பழுதானால் மற்றது வேலையைத் தொடரும். அதனினும் வியப்பு யாதெனில், தன் உறுப்பு கெட்டதைத் தானே கண்டுகொண்டு, தொலைபேசி வழியே தயாரிப்பாளருக்குச் செய்தி அனுப்பும் வசதியும் அவ்வகைப் பொறிகளுக்கு இருந்தது. கெட்டது என்று உரியவர் அறியுமுன்னரே மாற்று உறுப்பு பார்சலில் வந்து சேர்ந்ததாக அந்நாளில் உலகெங்கும் வேடிக்கையாகப் பேசிக்கொள்வர்.

இனி, சர்வீஸ் பிராசஸர் எத்தகையது என்று பார்ப்போம். பெரிய சர்வர் பெட்டிக்குள் தனியே இருக்கும் ஒரு சிறிய கணிப்பொறி அது. அதற்கென்று சொந்த மூளை உண்டு, சொந்த நினைவகம் உண்டு, சொந்த மென்பொருள் உண்டு. பெரிய பொறி அணைந்து கிடந்தாலும், மின்கம்பி செருகியிருக்கும்வரை இது விழித்தே இருக்கும். விசிறிகள் சுழல்கின்றனவா, வெப்பம் ஏறுகிறதா, மின்சாரம் சீராக வருகிறதா என்று உணர்கருவிகள் மூலம் ஓயாமல் பார்த்துக் கொண்டிருக்கும். வேண்டியபோது பெரிய பொறியை எழுப்பும். அடங்காவிட்டால் மின்சாரத்தைத் துண்டித்து உறங்கவும் வைக்கும். 2020 அக்டோபர் 12-ஆம் நாள் காலையில் மும்பையின் பெரும்பகுதியில் மின்சாரம் நின்று, மின்ரயில்கள் நடுவழியில் நின்றது நேயர்களுக்கு நினைவிருக்கும். அன்றும் பங்குச் சந்தைகள் வழக்கம்போல் நடந்தன. பாட்டரியும் டீசல் ஜெனரேட்டரும் இத்தகைய நாளுக்கென்றே வைக்கப்பட்டவை. ஒருவேளை அவையும் கைவிட்டு, பின்னர் மின்சாரம் திரும்பினால், ஒவ்வொரு பெட்டியிலும் முதலில் கண் விழிப்பது இந்தச் சிறு காவலாளியே.

டொமைன் என்பது என்ன? ஒரு பெரும் பொறியில் அறுபது எழுபது பிராசஸர்கள் இருக்கின்றன என்று வைத்துக் கொள்வோம். அவை முழுவதையும் ஒரே வேலைக்குக் கொடுக்காமல், பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் தனித்தனி ஆபரேட்டிங் சிஸ்டம் ஒன்றை ஓடவிடலாம். ஒரு பகுதியில் வங்கிக் கணக்கு, மற்றொன்றில் சம்பளப் பட்டியல், வேறொன்றில் புதிய மென்பொருளின் சோதனை. ஒன்றில் கலகம் விளைந்தாலும் அடுத்ததைத் தீண்டக் கூடாது. ஒரே கட்டடம், தனித்தனிக் குடித்தனம். செம்பூரை அடுத்த டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தார் 1991 முதல் வளர்த்த அனுபம் கணிப்பொறி இதற்கு நேர்மாறான வகை. சிறு பொறிகள் பலவற்றைச் சேர்த்து ஒன்றாக இயக்குவது. அது தனிக் கதை.

குடித்தனமும் காவலும் வெவ்வேறாகிவிட்டபடியால், இருவரும் பேச வழி வேண்டியதாயிற்று. ஒரு நினைவகத் துண்டில் அடிக்கடி பிழை நேர்கிறது என்று முதலில் அறிவது ஆபரேட்டிங் சிஸ்டம். அந்தத் துண்டு எந்தப் பலகையில் எந்தத் துளையில் இருக்கிறது என்று கணக்கு வைத்திருப்பது சர்வீஸ் பிராசஸர். அன்றியும், ஓடிக்கொண்டிருக்கும் பொறியிலிருந்து ஒரு பலகையைக் கழற்ற வேண்டுமானால், அதில் நடக்கும் வேலைகளை வேறு பலகைக்கு மாற்றும்படி முதலில் ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் கேட்க வேண்டும். கேட்காமல் கழற்றினால், ஆள் இருக்கும் அறையின் கூரையைப் பிரித்த கதையாகும். மணி என்ன என்பதைக்கூடச் சில பொறிகளில் டொமைன்கள் காவலாளியைக் கேட்டே அறிகின்றன.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் 1997-இல் வெளியிட்ட ஈ 10000 என்ற பெரும்பொறியில் 64 பிராசஸர்கள் வரை அடங்கும். அதற்குக் காவலாளி பெட்டிக்கு வெளியே, தனி மேசைக் கணிப்பொறியாக அமர்ந்திருந்தது. அதற்கும் டொமைன்களுக்கும் இடையே வெளியில் கம்பி இழுக்க வேண்டும். கம்பி வெளியே இருந்தால் யார் காலிலாவது இடறும்; வேறு கம்பியோடு கலந்தும் போகும். 2001-இல் வந்த சன் ஃபயர் 15கே என்ற பொறியில் இந்தக் குறை நீங்கிற்று. காவலாளிகள் இருவர் பெட்டிக்குள்ளேயே குடியேறினர். 18 டொமைன்கள் வரை பிரிக்கக்கூடிய அப்பொறியில், ஒவ்வொரு டொமைனுக்கும் காவலாளியிடம் மட்டுமே செல்லும் தனிப்பாதை ஒன்று உள்ளேயே போடப்பட்டது.

தனிப்பாதை என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. நம் கட்டடங்களில் சில இன்டர்காம்கள் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கும் பேச இடம் கொடுக்கும். அது வம்பளக்க நல்லது. இங்கே அது கூடாது. ஒரு டொமைனிலிருந்து வந்த செய்தியைக் காவலாளி அடுத்த டொமைனுக்குக் கடத்திவிடக் கூடாது என்பது 15கே பொறியில் எழுதாத விதியன்று, அமைப்பிலேயே உள்ள விதி. சோதனைக்காக விடப்பட்ட டொமைனில் ஒரு கயவன் புகுந்துவிட்டாலும், இன்டர்காம் வழியாக வங்கிக் கணக்கு டொமைனின் கதவைத் தட்ட அவனால் இயலாது.

2007-இல் சன் நிறுவனமும் ஜப்பானின் ஃபுஜிட்சு நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட எம் வரிசைப் பொறிகளில் இதே கருத்து இன்னும் எளிமையாயிற்று. அவற்றின் சர்வீஸ் பிராசஸருக்கு எக்ஸ்.எஸ்.சி.எஃப். என்றும், உள்வழிக்கு டி.எஸ்.சி.பி. என்றும் பெயர். முன்பு தொலைபேசிக் கம்பியில் மோடம் வைத்து இன்டர்நெட் பெற்ற நாளில் பயன்பட்ட பி.பி.பி. என்னும் பழைய முறையே, இங்கே பெட்டிக்குள் காவலாளிக்கும் ஒவ்வொரு டொமைனுக்கும் இடையே பயன்பட்டது. எம் 9000 என்ற பெரிய வகையில் 24 டொமைன்கள் வரை உண்டு. நிர்வாகி ஒரே கட்டளையில் ஒரு முகவரித் தொகுதியைக் கொடுத்தால், பொறி தானே காவலாளிக்கு ஒன்றும் டொமைன்களுக்கு ஒவ்வொன்றுமாகப் பங்கிட்டுக் கொள்ளும். பழைய நுட்பத்தைத் தள்ளிவிடாமல் தகுந்த இடத்தில் பொருத்துவது பொறியாளருக்கு அழகு என்பது நம் எண்ணம்.

ஆனால் அந்த ஒரே கட்டளையில் ஒரு கண்ணியும் உண்டு. உள்வழிக்குக் கொடுக்கும் முகவரிகள் அலுவலகத்தின் வெளி வலையில் எங்கும் இல்லாதவையாக இருக்க வேண்டும். தவறி, அதே முகவரித் தொகுதி வெளியே வேறொரு கிளைக்கும் கொடுக்கப்பட்டிருந்தால், டொமைன் அந்தக் கிளைக்கு அனுப்ப எண்ணிய செய்தி உள்ளே திரும்பிக் காவலாளியிடம் போய் நிற்கும். கம்பியில் பழுது தேடுவோருக்குக் கம்பியில் ஒன்றும் அகப்படாது. ஆகையினால்தான் டொமைன்களை எழுப்பும் முன்பே இதை நிர்ணயம் செய்துவிட வேண்டும் என்று கூறப்பட்டது. ஒரே தெருப் பெயர் இரு பேட்டைகளில் இருந்தால் தபால்காரர் படும் பாட்டை அறிந்தவர்க்கு இது எளிதில் விளங்கும்.

காவலாளி இருவர் இருப்பது ஒருவர் மயங்கினால் மற்றவர் பார்த்துக் கொள்ளட்டும் என்பதற்காக. எனினும் இரண்டு இருப்பதாலேயே நிம்மதியாக உறங்க முடியாது. தாராவிக்கு வடக்கே மித்தி ஆற்றைக் கடந்தால் பாந்த்ரா-குர்லா வளாகம். தேசியப் பங்குச் சந்தையின் தலைமை அலுவலகம் அங்கேதான் இருக்கிறது. 2021 பிப்ரவரி 24-ஆம் நாள் முற்பகல் 11.40-க்கு அங்கே வியாபாரம் நின்றது, பிற்பகல் 3.45-க்குத்தான் மீண்டும் தொடங்கி, மாலை 5 மணி வரை நீண்டது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் இரண்டிடமிருந்து பெற்ற கம்பிவழிகள் இரண்டிலும் பழுது வந்ததையும், அதைத் தொடர்ந்து தகவல் சேமிப்பு அமைப்பை சர்வர்கள் எட்ட முடியாமற் போனதையும் சந்தை நிர்வாகம் காரணமாகத் தெரிவித்தது. அன்று கெட்டது நாம் பேசும் உள்வழியன்று. ஆயினும், ஏட்டில் இரண்டாக எழுதப்பட்ட வழிகள் ஒரே நாளில் இரண்டும் கைவிடக் கூடும் என்பதும், எந்திரங்கள் ஒன்றையொன்று எட்ட இயலாத நான்கு மணி நேரம் ஒரு தேசத்து வியாபாரத்தை நிறுத்தி வைக்கும் என்பதும் அன்று கண்கூடாயிற்று.

இனி இந்த உள்வழியில் உள்ள ஆபத்தைக் கூற வேண்டும். இதுவே நாம் இப்பேச்சில் முக்கியமாகக் கருதுவது.

பெரும்பொறிகளில் மட்டும் இருந்த காவலாளி, நாளடைவில் சாதாரண சர்வர்களுக்கும் வந்து சேர்ந்தது. இன்டெல், டெல், ஹியூலட் பாக்கார்ட், என்.இ.சி. ஆகிய நான்கு நிறுவனங்கள் 1998-இல் ஐ.பி.எம்.ஐ. என்ற பொது விதியை வகுத்தன. இன்று ஏறக்குறைய ஒவ்வொரு சர்வரிலும் பி.எம்.சி. என்ற சிறு சில்லு இந்த வேலையைச் செய்கிறது. பல வகைகளில், உள்ளிருக்கும் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு அது ஒரு யூ.எஸ்.பி. நெட்வொர்க் அட்டைபோலத் தோற்றமளிக்கும், 169.254 என்று தொடங்கும், அந்த ஒரு பாதைக்கு அப்பால் செல்லாத முகவரியில் இருவரும் பேசிக்கொள்வர்.

இங்கே காவலாளிக்கு ஒரு பலவீனம். வெளியிலிருந்து வருபவரிடம் அது கடவுச்சொல் கேட்கும். உள்ளிருந்து பேசுபவரிடம் பெரும்பாலும் கேட்பதில்லை. ஐ.பி.எம்.ஐ. முறையில், சர்வரின் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் தலைமை உரிமை பெற்ற ஒருவர், எந்தக் கடவுச்சொல்லும் இல்லாமலே, பி.எம்.சி.யில் புதிய பயனர் ஒருவரைச் சேர்த்துவிடலாம். வீட்டினுள் இருப்பவர் வீட்டுக்கு உரியவர்தாமே என்று காவலாளி நம்புகிறார். புகுந்த திருடனும் வீட்டினுள்தான் இருக்கிறான் என்பது அவர் நினைவுக்கு வருவதில்லை. டான் ஃபார்மர் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் 2013-இல் இக்குறைகளை விரிவாக எழுதி உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். போதாக்குறைக்கு, தொழிற்சாலையில் எல்லாப் பெட்டிக்கும் ஒரே கடவுச்சொல்லை இட்டு அனுப்பும் பழக்கமும் நெடுநாள் இருந்தது. 2020 ஜனவரி முதல் கலிபோர்னியா மாநிலச் சட்டம் அதைத் தடுத்தபின், பெட்டிக்கு ஒரு சொல் என்ற முறை பரவியது. பழைய பெட்டிகளில் பழைய சொல்லே இருக்கக்கூடும்.

வாடகை வீட்டில் இருப்போர்க்கு அடுத்த செய்தி நன்கு புரியும். மும்பையில் பதினொரு மாத ஒப்பந்தத்தில் வீடு எடுக்கிறோம். முந்தைய குடித்தனக்காரர் சாவிக்கு நகல் எடுத்து வைத்துக்கொண்டு போயிருந்தால்? சர்வர்களையும் இக்காலத்தில் அப்படியே வாடகைக்கு விடுகிறார்கள். 2019-இல் எக்லிப்சியம் என்னும் பாதுகாப்பு நிறுவனத்தார், ஐ.பி.எம். நிறுவனத்தின் சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, உள்வழியே பி.எம்.சி.யின் மென்பொருளில் சிறு மாறுதல் செய்து, சர்வரைத் திருப்பிக் கொடுத்துவிட்டனர். பின்னர் அதே சர்வர் மீண்டும் கைக்கு வந்தபோது, அவர்கள் சேர்த்திருந்த பயனர் நீக்கப்பட்டிருந்தார். மாற்றிய மென்பொருளோ அப்படியே இருந்தது. இதன்பின், ஒவ்வொரு கை மாற்றத்தின்போதும் பி.எம்.சி.க்குத் தொழிற்சாலை மென்பொருளையே மீண்டும் எழுதிவிடுவதாக ஐ.பி.எம். அறிவித்தது. வீட்டுக்காரர் பூட்டை மாற்றுவது போன்ற செயல், முன்பே செய்திருக்கலாம்.

அண்மையில் வெளிவந்தது இன்னும் வினோதமானது. ஏ.எம்.ஐ. என்ற நிறுவனத்தின் பி.எம்.சி. மென்பொருள், பல பெயர்பெற்ற நிறுவனங்களின் சர்வர்களில் இடம் பெற்றுள்ளது. அது, தன்னிடம் வரும் வேண்டுகோள் உள் இன்டர்காமில் வந்ததா வெளி வாயிலில் வந்ததா என்பதை, வேண்டுகோளின் தலைப்பில் எழுதியிருக்கும் முகவரியைப் படித்தே தீர்மானித்தது. வெளியே நிற்பவர், நான் உள் முகவரியிலிருந்து பேசுகிறேன் என்று தலைப்பில் எழுதிவிட்டால் போதும். கடவுச்சொல் கேளாமல் கதவு திறந்தது. தெருவில் நிற்பவன் மூன்றாம் மாடிக்காரரின் பெயரைச் சொல்ல, எந்தத் திசையிலிருந்து குரல் வந்தது என்று பாராமலே வாட்ச்மேன் கேட்டைத் திறந்தார் என்று வைத்துக் கொள்ளுங்கள். 2025 மார்ச்சில் இது வெளியிடப்பட்டு, ஆபத்தின் அளவுகோலில் பத்துக்குப் பத்து பெற்றது. அவ்வாண்டு ஜூன் மாதம் அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு நிறுவனம், இக்குறை உண்மையான தாக்குதல்களில் பயன்படுத்தப்படுவதாகத் தன் பட்டியலில் சேர்த்தது.

அப்படியாயின் உள்வழியையே அடைத்துவிட்டால் என்ன? சிலர் அடைக்கத்தான் செய்கின்றனர். பல பொறிகளில் அதற்கான வசதியும் உண்டு. ஆனால் இன்டர்காமைப் பிடுங்கிய கட்டடத்தில் குழாய் ஒழுகுவதை யார் சொல்வது? நினைவகப் பிழைகள் பெருகி, ஒருநாள் பகல் நடுவே வங்கிச் சர்வர் சாய்ந்தால்தான் தெரியவரும். எனவே வங்கிச் சர்வர்போல முக்கியமானவற்றில் வழியை வைத்துக்கொண்டு, அதில் வருபவரிடமும் கடவுச்சொல் கேட்பதே பொருத்தம் என்று நாம் கருதுகிறோம். 2015-இல் வகுக்கப்பட்ட ரெட்ஃபிஷ் என்ற புதிய விதி அதற்கு இடமளிக்கிறது. பி.எம்.சி.யின் வெளிக் கம்பியையும் மற்ற வலைகளிலிருந்து பிரித்து, இன்டர்நெட்டின் நிழல்கூடப் படாத தனி வலையில் வைக்க வேண்டும்.

குறையைத் திருத்திய மென்பொருளை நிறுவனங்கள் வெளியிடுகின்றன. அதை ஏற்ற, சர்வரைச் சிறிது நேரம் வேலையிலிருந்து விலக்க வேண்டியிருக்கும். ஐரோலியில் இரவு ஷிப்டிலிருக்கும் நம் பிள்ளைக்கு அந்த நேரத்தைக் கொடுக்க மேலதிகாரிக்கு மனம் வருவதில்லை; இந்த மாதம் வேண்டாம், அடுத்த மாதம் பார்க்கலாம் என்பார். அடுத்த மாதம் தீபாவளி விற்பனை இருக்கும். அதற்கடுத்த மாதம் கணக்கு முடிப்பு இருக்கும். இரவில் ஏதேனும் நேர்ந்தால், கேள்வி முதலில் வருவது ஷிப்டிலிருந்தவனை நோக்கியே. பெரும்பாலும் அவன் ஒப்பந்த ஊழியன், பேச இடமில்லாதவன். ஆகவே, எந்தச் சர்வரில் எந்த மென்பொருள் பழையது, எந்த நாளில் நேரம் கேட்கப்பட்டது, யார் மறுத்தார் என்பதை ஷிப்ட் பதிவேட்டில் தேதியோடு எழுதி, மின்னஞ்சலிலும் ஒரு நகல் அனுப்பிவிட்டு வீடு திரும்புமாறு அவனுக்குச் சொல்லுங்கள். பொறியின் காவலாளி நேர்ந்ததையெல்லாம் மணியும் நிமிடமுமாகத் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்கிறது. மனிதக் காவலாளியின் பக்கத்திலும் அப்படி ஓர் ஏடு இருக்கட்டும்.